சியேனாவின் மாயெஸ்தா: இருபுறமும் முகம் கொண்ட ஒரு பீடப்படம்

இத்தாலியின் தொஸ்கானா பகுதியில் இருக்கும் சியேனா நகரத்தில், பேராலயத்தை ஒட்டி ஓர் அருங்காட்சியகம் உண்டு. அங்கே ஒரே அறையில் இரண்டு பெரிய மரப்பலகை ஓவியங்கள் எதிரெதிராக நிற்கின்றன. ஒன்றில் மரியன்னை குழந்தை இயேசுவோடு அரியணையில் அமர்ந்திருக்கிறார்; சுற்றிலும் வானதூதர்களும் புனிதர்களும். மற்றதில் இயேசுவின் பாடுகள், அதாவது அவர் பட்ட துன்பங்களும் மரணமும், 26 காட்சிகளாக விரிகின்றன. முதன்முறை பார்ப்பவருக்கு இரண்டு தனி ஓவியங்கள் போலத்தான் தெரியும். உண்மையில் இவை ஒரே பீடப்படத்தின் முன்பக்கமும் பின்பக்கமும். 1771-ல் இதை ரம்பத்தால் அறுத்துப் பிளந்தார்கள்.

துச்சோ தி புவோனின்சேஞா 1308-க்கும் 1311-க்கும் இடையில் வரைந்த இந்தப் படத்தை ‘மாயெஸ்தா’ என்கிறார்கள். மாட்சிமையோடு வீற்றிருக்கும் அன்னை என்று பொருள். கலை வரலாற்றில் இதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் துச்சோவின் கோட்டையும் நிறத்தையும் பேசுவார்கள், கிழக்கு ரோமப் பேரரசான பிசாந்தியத்தின் பழைய மரபிலிருந்து அவர் எவ்வளவு விலகினார் என்று அளப்பார்கள். அதெல்லாம் பேசவேண்டியதுதான். ஆனால் இவ்வளவு பெரிதாக, இருபுறமும், இத்தனை காட்சிகளோடு ஏன் ஒரு படம் தேவைப்பட்டது என்ற கேள்விக்கு அதில் பதில் வராது. அந்தப் பதில் பீடத்தில் இருக்கிறது. இந்தப் படம் திருப்பலி என்ற கிறிஸ்தவ வழிபாடு நடக்கும் பீடத்தின்மேல் நின்று ஒரு வேலையைச் செய்தது. அந்த வேலையை வைத்துப் பார்த்தால் அதன் வடிவமும் புரியும், பின்னால் அதற்கு நேர்ந்த கதியும் புரியும்.

நகரத்தின் சாவி

1260 செப்டம்பர் 4 அன்று மோன்தாபெர்த்தி என்ற இடத்தில் சியேனா தன் பரம எதிரியான பிளாரன்ஸை முறியடித்தது. பிளாரன்ஸின் படை பெரியது. தோற்றுவிடுவோம் என்ற பயம் சியேனா முழுக்க இருந்தது. பின்னாளில் எழுதப்பட்ட நகர வரலாறுகள் சொல்லும் கதை இது: போருக்கு முன் புவோனாகுய்தா லூகாரி என்பவர் வெறுங்காலோடு, மேலாடையைக் களைந்து, கழுத்தில் கச்சையை மாட்டிக்கொண்டு மக்களைப் பேராலயத்துக்கு அழைத்துப்போனார். பீடத்தின் முன் விழுந்து நகரத்தின் சாவியை மரியன்னையிடம் ஒப்படைத்தார். வெற்றி கிடைத்தது. அன்றிலிருந்து சியேனா தன்னைக் கன்னி மரியாவின் நகரம் என்றே சொல்லிக்கொண்டது.

சாவி கொடுத்த கதையில் எத்தனை பங்கு பின்னால் சேர்ந்தது என்று தனியாக வாதாடலாம். நமக்கு முக்கியமானது, சியேனா மக்கள் அதை ஒரு பத்திரப்பதிவு போலவே நம்பினார்கள் என்பதுதான். நகரம் அன்னையின் சொத்து. சொத்தைக் காப்பது அவர் பொறுப்பு; அவருக்குரிய மரியாதையைத் தவறாமல் செய்வது நகரத்தின் பொறுப்பு. ஆகஸ்ட் 15, மரியாவின் விண்ணேற்புத் திருநாள், பேராலயத்தின் பெயர்த் திருநாள். அதற்கு முந்திய நாள் குடிமக்கள் மெழுகுதிரி ஏந்திப் பவனியாக வந்தார்கள். சியேனாவின் ஆட்சிக்கு உட்பட்ட ஊர்கள் மெழுகைக் காணிக்கையாகக் கொண்டுவந்து கொடுக்கக் கடமைப்பட்டிருந்தன. பக்தியும் வரியும் அங்கே ஒன்றாகத்தான் நடந்தன. இதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்த மக்கள் இரண்டையும் பிரித்துப் பார்க்கவில்லை என்பதை மனதில் வைத்துக்கொண்டால்தான் படத்துக்குள் போகமுடியும்.

ஒப்பந்தம்

1308 அக்டோபர் 9 தேதியிட்ட ஒப்பந்தம் இன்றும் இருக்கிறது. ஒரு பக்கம் துச்சோ. மறுபக்கம் பேராலயத் திருப்பணிக் கழகத்தின் பொறுப்பாளர். பீடத்துக்கான படத்தைத் தன்னால் இயன்றவரை, ஆண்டவர் அருளும் திறமைக்கேற்ப, நன்றாகச் செய்வதாக துச்சோ ஒப்புக்கொள்கிறார். தன் கையாலேயே வேலை செய்யவேண்டும். இது முடியும்வரை வேறு வேலை எடுக்கக்கூடாது. வேலை செய்யும் ஒவ்வொரு நாளுக்கும் 16 சொல்தி கூலி. அதில் மாதம் 10 லீரா ரொக்கமாகக் கிடைக்கும். பொருள்கள் எல்லாம் கழகத்தின் செலவு. ஓவியர் கொடுக்கவேண்டியது அவரும் அவர் உழைப்பும் மட்டுமே. கடைசியில், எந்த வஞ்சகமும் செய்யமாட்டேன் என்று நற்செய்தி நூலின்மேல் கை வைத்துச் சத்தியம்.

நாட்கூலி என்ற ஏற்பாடு கவனிக்கத்தக்கது. படத்துக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசியிருந்தால் ஓவியர் சீக்கிரம் முடிக்கவே பார்ப்பார். நாள் கணக்கில் பேசினால் நிதானமாகச் செய்வார். திருப்பணிக் கழகத்துக்கு அவசரமில்லை, தரம்தான் வேண்டும் என்பது இதிலிருந்து தெரிகிறது. பின்பக்கத்துக்கு மட்டும் வேறொரு ஏற்பாடு. தேதியில்லாத இன்னொரு ஆவணத்தில், பின்பக்கத்தில் 34 கதைகள், சில காட்சிகள் பெரியவை என்பதாலும் மேலே வானதூதர்கள் வருவதாலும் அவற்றை 38 என்று கணக்கிட்டு, கதை ஒன்றுக்கு இரண்டரைப் பொன் பிளாரின் கொடுப்பது என்று எழுதியிருக்கிறார்கள். முன்பக்கத்து அன்னையை நாள் கணக்கிலும் பின்பக்கத்து நற்செய்தியைக் கதைக் கணக்கிலும் அளந்திருக்கிறார்கள்! படத்தின் இரு முகங்களும் இரு வேறு வகையான வேலை என்று கூலி பேசும்போதே அவர்களுக்குத் தெரிந்திருந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

துச்சோ அப்போது நகரத்தின் முதல்தர ஓவியர். 1285-ல் பிளாரன்ஸில் ஒரு பக்தசபைக்குப் பெரிய மரியன்னை ஓவியம் வரையும் பொறுப்பு அவருக்குத்தான் கிடைத்தது. அதே நேரத்தில் சியேனாவின் அபராதப் பதிவேட்டிலும் அவர் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. கடன்காரராகவே இறந்திருக்கவேண்டும், 1319-ல் அவருடைய பிள்ளைகள் தந்தையின் சொத்தே வேண்டாம் என்று எழுதிக்கொடுத்தார்கள்.

ஜூன் 9, 1311

படம் தயாரானதும் ஸ்தலொரேஜ்ஜி வாசலுக்கு வெளியே இருந்த பட்டறையிலிருந்து பேராலயத்துக்கு அதைப் பவனியாகக் கொண்டுபோனார்கள். அந்த நாளைப் பற்றி 14-ஆம் நூற்றாண்டுச் சியேனாக்காரர் ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். கடைகள் அடைக்கப்பட்டன. ஆயரின் கட்டளைப்படி குருக்களும் துறவிகளும் பெரும் பவனியாக வந்தார்கள். நகரத்தை ஆண்ட ஒன்பதின்மர் குழுவும் மற்ற அதிகாரிகளும் கூடவே நடந்தார்கள். முக்கியமானவர்கள் கையில் எரியும் மெழுகுதிரியோடு படத்துக்குப் பக்கத்தில். பின்னால் பெண்களும் குழந்தைகளும். வழக்கப்படி நகரச் சதுக்கமான காம்போவைச் சுற்றிவந்தார்கள். மணிகள் முழங்கின. எக்காளமும் குழலும் முரசும் ஒலித்தன. வாத்தியக்காரர்களுக்குக் கொடுத்த கூலி கணக்கேட்டில் ஏறியது. ஏழைகளுக்குத் தர்மம் செய்தார்கள். எல்லாத் தீங்கிலிருந்தும் எங்களைக் காக்கவேண்டும் என்று, தங்களுக்காகப் பரிந்து பேசும் அன்னையை வேண்டிக்கொண்டார்கள்.

வழக்கமாக ஒரு புனிதரின் திருப்பண்டத்துக்கு, அதாவது அவருடைய எலும்பு போன்ற எச்சத்துக்கு, செய்யும் மரியாதை இது. இங்கே அது வர்ணம் காய்ந்து அதிக நாள் ஆகாத ஒரு மரப்பலகைக்குக் கிடைத்தது. ‘படம் திறப்பு விழா’ என்று இன்றைய பழக்கத்தில் இதை விளங்கிக்கொண்டால் பெரிதாகத் தவறிவிடுவோம். நகரத்தின் உரிமையாளர் தன் இருக்கைக்கு வந்தார். மக்கள் எதிர்கொண்டு அழைத்துப் போனார்கள். அவ்வளவுதான்.

முன்பக்கம்: மனு

நடுப்பலகையின் அகலம் ஏறக்குறைய 4 மீட்டர். பாப்ளர் மரப்பலகையின்மேல் ஜிப்சமும் பசையும் சேர்த்த வெள்ளைப் பூச்சு, அதன்மேல் செங்களிமண், அதன்மேல் தங்க ரேக்கு, பிறகு முட்டையின் மஞ்சள் கருவில் குழைத்த வர்ணம். மேகமோ வானமோ பின்னணியில் கிடையாது. தேய்த்து மெருகேற்றிய தங்கம்தான். மெழுகுதிரி வெளிச்சத்துக்காகவே செய்த பரப்பு அது. சுடர் அசையும்போது தங்கமும் அசையும். அன்னையின் ஆடை மட்டும் அசையாமல் ஆழ்ந்த நீலத்தில் நிற்கும். மின்விளக்கின் சீரான ஒளியில் இதை உணர்வது கஷ்டம்.

அன்னை மற்ற எல்லாரையும்விடப் பெரியவர். பளிங்கு அரியணையின் கைப்பிடிகள் நம்மை நோக்கி விரிந்திருக்கின்றன. இருபுறமும் சேர்த்து 20 வானதூதர்கள். அரியணைக்குப் பின்னாலிருக்கும் நால்வரை நெருங்கிப் பாருங்கள். சாய்மானத்தின் விளிம்பில் கையை ஊன்றி, முகத்தைச் சாய்த்துக்கொண்டு, தாயும் குழந்தையும் இருக்கும் பக்கம் எட்டிப் பார்க்கிறார்கள். இத்தனை பெரிய அரசவையில் அவர்கள் மட்டும் வீட்டுப் பிள்ளைகளாக நிற்கிறார்கள். துச்சோவை எனக்குப் பிடிக்கும் இடங்களில் இது முதலாவது.

முன்வரிசையில் நான்கு பேர் மண்டியிட்டிருக்கிறார்கள்: அன்சானோ, சவினோ, கிரெஷென்சியோ, வித்தோரே. நால்வரும் சியேனாவின் பாதுகாவலர்கள். பேதுரு, பவுல், திருமுழுக்கு யோவான், நற்செய்தியாளர் யோவான், அலெக்சாந்திரியாவின் கத்தரீனா, ஆக்னஸ் என்று உலகமே அறிந்த புனிதர்கள் பின்னால் நிற்கிறார்கள். சியேனாவுக்கு வெளியே பலர் பெயர்கூட அறியாத இந்த நால்வர் முன்னால். திருச்சபையின் வரிசைப்படி பார்த்தால் இது பொருந்தாது. மனு கொடுக்கும் இடத்து வரிசைப்படி இதுதான் சரி. நகரத்தின் சார்பாகப் பேசவேண்டியவர்கள் முன்னால் வந்து மண்டியிட்டிருக்கிறார்கள். அவர்கள் முடிக்கும் இடத்தில் பீடத்தின் முன் நிற்கும் மக்கள் தொடர்கிறார்கள்.

அரியணையின் அடியில் இலத்தீனில் மனுவின் வாசகமே எழுதியிருக்கிறது: கடவுளின் புனித அன்னையே, சியேனாவின் அமைதிக்குக் காரணமாய் இரும், உம்மை இப்படித் தீட்டியதால் துச்சோவுக்கு வாழ்வாய் இரும். முதலில் நகரம், அதன்பிறகு ஓவியர். அபராதமும் கடனுமாக வாழ்ந்த மனிதர் நகரத்தின் வேண்டுதலோடு தன் வேண்டுதலையும் சேர்த்துவிட்டார். இதைக் கலைஞனின் பெருமிதம் என்று சிலர் படிக்கிறார்கள். பெருமிதம் இருக்கட்டும்; ஆனால் கேட்டது புகழை அல்ல, வாழ்வை. அந்த இடத்தில் ‘வாழ்வு’ என்றால் ஆன்மாவின் மீட்பு என்றே அன்று படித்த எவரும் எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

இனி திருப்பலிக்கு வருவோம். 1215-ல் நான்காம் இலாத்தரன் சங்கம், அப்பமும் இரசமும் கிறிஸ்துவின் உடலாகவும் இரத்தமாகவும் மாறுகின்றன என்பதைத் திட்டவட்டமாக அறிக்கையிட்டது. எழுந்தேற்றத்தின்போது குரு அப்பத்தை உயர்த்திக் காட்டுவதும், மக்கள் அதைக் கண்ணால் காண ஏங்குவதும் அந்த நூற்றாண்டில்தான் வலுப்பெற்றன. 1264-ல் திருத்தந்தை நான்காம் அர்பன் சியேனாவுக்குத் தெற்கே ஓர்வியேத்தோவிலிருந்து, அந்த அப்பத்தைக் கொண்டாடும் நற்கருணைத் திருநாளை அறிவித்தார். இந்தச் சூழலில்தான் பீடத்துக்குப் பின்னால் உயரமான படம் வைக்கும் வழக்கம் இத்தாலியில் வேரூன்றியது. குரு மக்களுக்கு முதுகு காட்டி நிற்பார். அவர் உயர்த்தும் அப்பத்துக்குப் பின்னணி இந்தப் படம். கன்னியின் மடியில் பிறந்த உடல் எதுவோ அதுவே இப்போது குருவின் கையில் இருக்கிறது என்ற போதனை, ஒரு வார்த்தைகூடப் பேசாமல், இரண்டையும் ஒரே பார்வைக்குள் கொண்டுவந்துவிடுகிறது.

அதனால்தான் கீழ்வரிசைச் சிறு பலகைகளில் மங்கள வார்த்தை (மரியா கருவுறுவார் என்று தூதர் அறிவிப்பது), பிறப்பு, ஞானிகளின் வருகை என்று ஆரம்பித்து, சிறுவன் இயேசு ஆலயத்தில் மறைநூல் அறிஞர்களோடு பேசுவது வரை ஏழு காட்சிகள் வருகின்றன. இடையிடையே அவற்றை முன்னறிவித்த இறைவாக்கினர்கள். மங்கள வார்த்தைக் காட்சியில் மரியாவின் கையிலிருக்கும் நூலில் எசாயாவின் வரி, ‘இதோ, கன்னி கருவுறுவார்’, எழுதியிருக்கிறது. தூதர் வந்து சொல்லும் செய்தியை அவர் ஏற்கெனவே படித்துக்கொண்டிருக்கிறார்.

பின்பக்கம்: தியானம்

உயர்பீடத்துக்குப் பின்னால் சுவர் இல்லை. படத்தின் மறுபக்கமும் கண்ணில் படும் இடமாகத்தான் அது இருந்தது. முன்பக்கம் நகரத்துக்கு என்றால், பின்பக்கம் முதன்மையாகக் குருக்களுக்கு. முன்பக்கத்தின் நெட்டுப் பலகைகளோடு படுக்கைவாட்டில் வைத்த மெல்லிய பலகைகளைச் சேர்த்து ஆணி அடித்திருந்தார்கள். அந்தப் பலகைகளின்மேல்தான் 26 காட்சிகளும். இயேசு எருசலேமுக்குள் நுழைவதில் தொடங்கி, உயிர்த்தபின் எம்மாவு ஊருக்குப் போகும் வழியில் சீடர்களைச் சந்திப்பதில் முடிகிறது. கீழே இடது ஓரத்தில் ஆரம்பித்து மேலே வலது ஓரம் வரை படிக்கவேண்டும். எல்லாவற்றுக்கும் நடுவில், மற்றவற்றைவிடப் பெரிதாக, சிலுவை.

தூரத்தில் நிற்கும் பொதுமக்களுக்கு இந்தக் காட்சிகள் பயன்படாது. ஒவ்வொன்றும் அவ்வளவு சிறியது. தினமும் பல வேளை செபிக்க வருபவர்கள், நற்செய்தி மனப்பாடமாகத் தெரிந்தவர்கள் பார்க்கும் படம் இது. அவர்களுக்காகத்தான் துச்சோ நான்கு நற்செய்திகளிலும் சிதறிக் கிடக்கும் நுணுக்கங்களைப் பொறுமையாகச் சேர்த்திருக்கிறார்.

ஒரு பலகையைப் பார்ப்போம். கீழே முற்றத்தில் காவலர்கள் குளிர்காய்கிறார்கள். அவர்கள் நடுவில் பேதுரு, நெருப்பை நோக்கிப் பாதத்தை நீட்டியபடி. மாடிப்படியோரம் ஒரு பணிப்பெண் அவரைச் சுட்டிக்காட்டுகிறாள்: நீயும் அவனோடு இருந்தவன்தானே? பேதுரு கையைத் தூக்கி மறுக்கிறார். அந்தப் படிக்கட்டு அப்படியே மேலேறி அடுத்த காட்சிக்குள் போகிறது. மேலே, அதே வேளையில், கைகள் கட்டப்பட்ட இயேசு, யூதத் தலைமைக் குருவாக இருந்த அன்னாவின் முன் நிற்கிறார். நற்செய்தியில் ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லவேண்டியதை இந்தப் படிக்கட்டு ஒரே நேரமாக்கிவிடுகிறது. கீழே கால் காயும் வெதுவெதுப்பு, மேலே விசாரணை. பேதுருவின் வழியில் தாங்களும் நிற்பதாகச் சொல்லிக்கொள்ளும் குருக்கள் இதைத் தினமும் பார்க்கவேண்டியிருந்தது. அவர்கள் கண்ணுக்கு இது என்ன செய்திருக்கும் என்று யோசித்தால், பின்பக்கம் ஏன் கதைகளால் நிறைந்தது என்பது தானாகத் தெளிவாகும்.

ஆடையையும் கவனிக்கலாம். பாடுகளின் காட்சிகளில் இயேசுவின் உடை சிவப்பும் நீலமும். பாதாளத்தில் இறங்கி ஆதாமை மீட்கும் காட்சியில் அதே உடையில் பொன்வரிகள் ஓடுகின்றன. உயிர்த்தெழுதல் நடந்த அந்த விநாடியைத் துச்சோ வரையவில்லை. கல்லறையண்டை வந்த பெண்கள், வெண்ணாடையில் தூதர், காலியான கல்லறை, இவ்வளவே. மீதியை அந்தப் பொன்வரி சொல்லிவிடுகிறது.

எம்மாவு வழியில் இயேசு தொப்பியும் கோலுமாகத் திருப்பயணி வேடத்தில் வருகிறார். பொழுது சாய்கிறது, எங்களோடு தங்கும் என்று சீடர்கள் ஊர்வாசலைக் காட்டுகிறார்கள். சியேனா, ரோமுக்குப் போகும் பிரான்சிஜெனா திருப்பயணப் பாதையில் இருக்கும் ஊர். பேராலயத்துக்கு நேரெதிரே திருப்பயணிகளைத் தங்கவைத்த சாந்தா மரியா தெல்லா ஸ்காலா மருத்துவமனை. அன்றைய குருக்களுக்கு இந்தக் காட்சி எருசலேமுக்குப் பக்கத்திலும் நடந்தது, தங்கள் வாசலிலும் நடந்தது.

வேலை போனபின்

அடுத்த சில பத்தாண்டுகள் இந்தப் படத்தை மையமாக வைத்தே நகர்ந்தன. 1315-ல் சிமோனே மார்த்தீனி நகர மாளிகைச் சுவரில் இன்னொரு மாயெஸ்தாவை வரைந்தார். பேராலயத்தில் நான்கு பாதுகாவலர்களின் பீடங்களுக்கும் மரியாவின் வாழ்க்கைப் படங்கள் ஒவ்வொன்றாக வந்தன.

பிறகு வழிபாட்டுப் பழக்கம் மாறியது. 1506-ல் மாயெஸ்தாவை உயர்பீடத்திலிருந்து எடுத்துவிட்டு, எதிரே மருத்துவமனையிலிருந்து, சிற்பி வெக்கியேத்தாவின் வெண்கல நற்கருணைப் பேழையைக் கொண்டுவந்து வைத்தார்கள். நற்கருணையைப் பீடத்திலேயே பேழையில் வைத்து வணங்கும் பக்தி மேலோங்கிவிட்டது. அப்பத்துக்குப் பின்னணியாக நின்ற படத்தின் இடத்தை அப்பத்தின் பேழையே எடுத்துக்கொண்டது. அதே நூற்றாண்டில், கலைஞர்களின் வரலாற்றை எழுதிய வசாரி இந்தப் படத்தைத் தேடிவிட்டு, எங்கே இருக்கிறதென்று கண்டுபிடிக்க முடியவில்லை என்று எழுதினார். பேராலயத்துக்குள்ளேயேதான் இருந்தது.

சுவரோரம் சாய்ந்த இருமுகப் படத்துக்கு இரண்டாவது முகம் வீண்தானே? 1771-ல் அப்படித்தான் முடிவு செய்தார்கள். முதலில் மேலிருந்து கீழாக ஏழு துண்டாக அறுத்தார்கள். பிறகு முன்பக்கத்தைப் பின்பக்கத்திலிருந்து பிரித்தார்கள். ரம்பம் வழிதவறி அன்னையின் முகத்தையும் ஆடையையும் காயப்படுத்தியது. கோபம் வருகிறது, வரத்தான் வேண்டும். ஆனாலும் அவர்கள் இதை ஒழித்துவிட நினைக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். இரண்டு பக்கத்தையும் பேராலயத்தின் இரண்டு சிற்றாலயங்களில் தனித்தனியாக வைக்கவே பிரித்தார்கள். இரு முகங்களும் ஒரே உடலாக நிற்கவேண்டிய காரணம் 1506-லேயே போய்விட்டிருந்தது. 1878-ல் பெரிய பலகைகள் அருங்காட்சியகத்துக்குப் போயின. 1950-களில் ரோமில் நடந்த பழுதுபார்ப்பில் அறுப்புத் தடங்களைச் சீர்செய்தார்கள்.

சிறிய பலகைகள் கைமாறிப் போயின. பிறப்புக் காட்சி வாஷிங்டனில், மலைமேல் சோதனை நியூயார்க்கில், சமாரியப் பெண் மாத்ரிதில், இலாசர் உயிர்பெறுவது டெக்சாஸின் போர்ட் வொர்த்தில். மங்கள வார்த்தை, பிறவிக் குருடன், உருமாற்றம் மூன்றும் லண்டன் தேசிய ஓவியக் கூடத்தில். இதில் ஒரு நல்ல காரியம் நடந்திருக்கிறது. பின்பக்கக் கீழ்வரிசையில் பிறவிக் குருடனுக்கு அடுத்த பலகை உருமாற்றம். குருடன் ஒரே பலகையில் இருமுறை வருகிறான். முதலில் கோலை ஊன்றி நிற்க, இயேசு அவன் கண்ணில் சேறு பூசுகிறார். அப்புறம் நீரில் கண்களைக் கழுவிவிட்டு, கோலை விட்டுவிட்டு, தலையை உயர்த்திப் பார்க்கிறான். அந்தப் பலகைக்குள் மட்டும் பார்த்தால் அவன் பார்ப்பது வெறும் ஓரம். பக்கத்துப் பலகையைச் சேர்த்தால் பார்வை போய்ச் சேரும் இடத்தில் பொன்வரி ஆடையோடு உருமாறிய கிறிஸ்து. இரண்டு பலகைகளும் ஒரே கூடத்தில் இருப்பதால் இதை இன்றும் சரிபார்க்க முடிகிறது. மற்றவற்றில் இப்படி எத்தனை பார்வைகள் ஊர்விட்டு ஊர் அறுந்து கிடக்கின்றனவோ.

முன்பக்கத்து மேல்வரிசையில் மரியாவின் கடைசி நாட்கள் இருக்கின்றன: இறப்பு நெருங்குவதைத் தூதர் அறிவிப்பது, திருத்தூதர்களிடம் விடைபெறுவது, இறப்பு, அடக்கம். அதன் உச்சியில், நடுவில், விண்ணேற்பும் முடிசூட்டும் இருந்திருக்கவேண்டும் என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. பேராலயத்தின் பெயரே விண்ணேற்பு. அந்த இடத்தில் வேறென்ன வந்திருக்கும்? அந்தப் பலகைகள் மட்டும் கிடைக்கவில்லை. அங்கே துச்சோ எப்படி வரைந்திருப்பார் என்பதற்கு ஒரு தடயம் உண்டு. 1287–88-ல் அதே பேராலயத்தின் பீடப்பகுதிச் சுவருக்காக அவர் வடிவமைத்த பெரிய வட்டக் கண்ணாடிச் சாளரத்தின் நடு அடுக்கில் அடக்கம், விண்ணேற்பு, முடிசூட்டு மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. ஓரத்தில் அதே பாதுகாவலர்களில் மூவர்; வித்தோரேயின் இடத்தில் மட்டும் பர்த்தலமேயு. பேராலயத்தில் இப்போது அதன் நகல். மூலச் சாளரம் மாயெஸ்தா இருக்கும் அதே அருங்காட்சியகத்தில் இருக்கிறது.